ஏறாத ஊசி

அக்காவுக்கு மீசை இருந்தது. இதை முதலில் சொல்லாவிட்டால் அவளுக்கே பிடிக்காது. மேலுதட்டில் மெல்லிய கறுப்பு ரோமம், இரண்டு கன்னத்திலும் பூனைமுடி, உருண்டு வீங்கிய முகம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைகள் செய்த வேலை அது. பொம்மனஹள்ளியில் நாங்கள் சட்டை தைத்த கம்பெனிக்கு, ஒரு வருஷத்துக்கும் மேலான விடுப்பு முடிந்து அவள் திரும்பி வந்த வாரத்தில்தான் நான் புதிதாகச் சேர்ந்தேன். அவள் சூப்பர்வைசர். ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட் என்று மெஷின்கள் வரிசையாகப் போட்டிருக்கும். அந்த வரிசைக்கு லைன் என்று பேர். எங்கள் லைன் அவளுடையது; லைன் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

முதல் நாளே இரண்டு பெண்கள் அவள் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அக்கா மெஷினுக்கு மேல் குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் முகத்தை நன்றாகக் காட்டினாள்.

"பாத்துக்கோங்கடி. மீசை வெச்ச சூப்பர்வைசர் வேற எந்த லைன்லயாவது உண்டா? பயந்து ஒழுங்கா தைங்க."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அல்லது அவளோடு சேர்ந்து சிரித்தோம்.

லைனிங் துணியை இரண்டாக மடித்து அவளே தைத்த முகமூடி ஒன்றை மூக்குக்கும் வாய்க்கும் கட்டியிருப்பாள். அந்தத் தொண்ணூறுகளில் பெங்களூரில் அப்படி யாரும் கட்டிக்கொண்டு நடமாட மாட்டார்கள். ஓசூர் ரோட்டில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் இவளுக்கு என்னவோ ஒட்டுவியாதி என்று தள்ளி உட்காருவார்கள். "நல்லதாப் போச்சு, காலை நீட்டி உக்காரலாம்" என்பாள். எங்கள் மேனேஜர் கன்னடம் கலந்த தமிழில், "ஏனம்மா இது, ஆபரேஷன் தியேட்டரா?" என்று கேட்டார். "பஞ்சுத் தூசி சார். உங்களுக்கும் ஒண்ணு தைச்சுத் தரட்டா?" என்றாள்.

அவளிடம் இருந்த ஒரே பெரிய குணம், 'இல்லை' என்ற சொல்லை அவள் ஏற்றுக்கொள்ள மாட்டாள். கோபப்பட மாட்டாள், கத்த மாட்டாள். போய்விட்டு மறுபடி வருவாள். "இல்லன்னு சொல்றவங்க முக்காவாசிப் பேரு யோசிக்காம சொல்றவங்க. யோசிக்க நேரம் குடுத்துட்டுத் திரும்பப் போய்க் கேக்கணும்" என்பது அவளுடைய சித்தாந்தம். அவளுக்கு இருந்த சிறுநீரகமே அப்படிக் கேட்டு வாங்கியதுதான். கொடுத்தது அவள் அம்மா, பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து ஆயா. அந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது, எடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் முதலில் மறுத்துவிட்டார்கள். அக்கா விடவில்லை. இன்னும் என்னென்ன பரிசோதனை உண்டோ எல்லாம் செய்து பாருங்கள், அப்புறம் மறுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். பார்த்தபோது, அந்த அம்மாளின் சிறுநீரகம் தங்கமாக இருந்ததாம்.

சர்ச்சிலும் இதே கதை. அவர்கள் சபையில் நற்கருணைக்கு ஒரே பாத்திரம், எல்லோரும் அதிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள். அக்கா போதகரிடம் போய் எனக்குத் தனியாக ஒரு சின்னக் கிண்ணம் வேண்டும் என்றாள். ஒரே பாத்திரம் என்பதுதான் அதன் அர்த்தமே, தனிக்கிண்ணம் இல்லை என்றார் அவர். "ஆண்டவரோட ரத்தம் எனக்கு வேணும் ஐயா. மத்தவங்க எச்சில்தான் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த மாசமும் கேட்டாள். அதற்கடுத்த மாசமும். பண்டிகைக்கு முன் போதகரே அவளைக் கூப்பிட்டு, மற்றவர்கள் வாய் வைக்கும் முன்பே அப்பத்தைப் பாத்திரத்தில் தோய்த்து அவள் கையில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். கொஞ்ச நாளில் வயதானவர்கள் நாலைந்து பேர் அதே மாதிரி தங்களுக்கும் வேண்டும் என்று அவள் பின்னால் நின்றார்கள்.

இப்படிப்பட்டவளிடம் 'இல்லை' என்று சொல்லி ஜெயித்தது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய உடம்பு.

கல்லீரலைத் தின்னும் மஞ்சள் காமாலை ஒன்று உண்டு. ரத்தத்தின் வழியாக, ஊசியின் வழியாகப் பரவுவது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது வந்தால் மீள்வது கஷ்டம் என்று அவளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மாசக் கணக்கில் இடைவெளி விட்டு எல்லா ஊசியும் போட்டு முடித்து, ரத்தத்தைச் சோதித்தார்கள். உடம்பில் எதிர்ப்பு எதுவும் உண்டாகவில்லை. வெறும் தண்ணீரைக் குத்திய மாதிரி. டாக்டர் மருந்தளவை இரட்டிப்பாக்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தச் சுற்று முடிந்து முடிவு கேட்கப் போன அன்று அவள் கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சிவாஜிநகரில் துணிக்கடையில் வேலை செய்பவர், பண்டிகை நேரம். அதனால் நான் கூடப் போனேன்.

டாக்டர் மெதுவாகப் பேசும் மனிதர். காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வாட்டியும் ஏறலைம்மா."

"ஏன் டாக்டர் எனக்கு மட்டும்?"

"உங்களுக்கு மட்டும் இல்ல, உங்களை மாதிரி நிறையப் பேருக்கு. நம்ம உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வெச்சுக்கங்க. உங்க அம்மா குடுத்த கிட்னிய அவன் வெளி ஆளுன்னு நெனச்சு அடிக்கக் கூடாதுன்னு, மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். தடுப்பூசிங்கறது அவன்கிட்ட திருடனோட போட்டோவைக் காட்டற மாதிரி. தூங்கறவன்கிட்ட காட்டினா என்ன பண்ணுவான்?"

"மாத்திரைய ஒரு வாரம் நிறுத்திட்டுக் காட்டினா?"

"முழிச்சிக்கிட்டு முதல்ல கிட்னியத்தான் அடிப்பான்."

அக்கா குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ தூங்கிட்டே இருக்கட்டும். அரைக்கண்ணு திறக்கற நேரம் பாத்து இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். கொஞ்ச காலம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அதுவரை ஒன்று செய்யலாம்: அவளைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம், வீட்டில் எல்லோரும். அவர்களிடமிருந்து அவளுக்கு வராமலாவது இருக்கும். "கூடவே, உங்க கிட்ட வர்ற ஊசி எதுவா இருந்தாலும் புதுசான்னு பாருங்க" என்றார்.

வெளியே வந்ததும் மரத்தடியில் நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குடித்தாள். "சுத்தி இருக்கறவங்கன்னா யாருடி?" என்று என்னைக் கேட்டாள். வீட்டில் அவள் கணவனும் அம்மாவும் மட்டும்தான். "ஒரு நாள்ல நான் அவங்ககூட எவ்ளோ நேரம் இருக்கேன், உங்ககூட எவ்ளோ நேரம் இருக்கேன்?" அந்தக் கேள்வி அவளை எங்கே கொண்டுபோகும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அவள் எப்படி இறந்துபோனாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் வைத்திருந்து உங்களை அழவைக்கும் எண்ணம் இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு காலை நேரத்தில் நெஞ்சுவலி வந்து போனாள். அம்மா கொடுத்த சிறுநீரகம் அன்றுவரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. காமாலை அவளைத் தொடவே இல்லை. அடக்க ஆராதனைக்கு எங்கள் கம்பெனியிலிருந்து வந்த பெண்களுக்கு சர்ச்சுக்குள் இடம் போதவில்லை. வாசலிலும் ரோட்டிலும் நின்றார்கள்.

அவர்கள் அத்தனை பேரும் ஏன் வந்தார்கள் என்பதற்குத்தான் என் விரல் கதையைச் சொல்ல வேண்டும்.

வேகமாக ஓடும் மெஷினில் கண் அசந்தால் ஊசி விரலுக்குள் இறங்கிவிடும். எங்கள் தொழிலில் இது சளி பிடிப்பது மாதிரி. எனக்கு இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி முறிந்தது. முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தார். முறிந்த துண்டைப் பிடுங்கி எடுத்துவிட்டு, தட்டில் வெந்நீரில் கிடந்த கண்ணாடி சிரிஞ்சை எடுத்து டிடி ஊசி போட வந்தார். பின்னாலேயே அக்கா வந்துவிட்டாள்.

"அண்ணா, நில்லுங்க. இந்த ஊசி காலைல யாருக்குப் போட்டீங்க?"

"கட்டிங் செக்‌ஷன் பையனுக்கு. ஏன்?"

"அதுக்கப்புறம் கொதிக்க வெச்சீங்களா?"

"பிசி நீர்ல, சுடுதண்ணிலதான போட்டிருக்கேன்? விடும்மா, எத்தனை வருஷமாப் போடறேன்."

அக்கா அந்த வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்தாள். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். டீயைவிடச் சூடு குறைவு. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். வேலை நேரத்தில் கேட்டைத் தாண்டக் கூடாது. காவலாளி தடுத்தபோது ரத்தம் சொட்டும் என் விரலை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். மெடிக்கல் ஷாப்பில் உறை பிரிக்காத ஊசி ஒன்று வாங்கி, பக்கத்து கிளினிக்கில் போடவைத்துக் கூட்டிவந்தாள். நாங்கள் திரும்பும்போது லைனில் துணி மலைபோல் தேங்கி நின்றது.

மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டாள். ஆளுக்கொரு புது ஊசி வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் காமாலைத் தடுப்பூசி வேண்டும்.

"உனக்குத்தானம்மா வியாதி? நீ ஜாக்கிரதையா இரு. இந்தப் பொண்ணுங்க நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்கறதாலதான் சார் கேக்கறேன். எனக்குப் போட்டா ஏறல. அவங்களுக்கு ஏறும். ஏறுற உடம்ப வெச்சிக்கிட்டு எதுக்கு சார் சும்மா இருக்கணும்?"

முடியாது என்றார். அடுத்த வாரம் போய்க் கேட்டாள். அதற்கடுத்த வாரமும். சில நாள் அவர் அறைக்கதவு அவளைப் பார்த்ததும் சாத்திக்கொள்ளும், அவள் கண்ணாடியில் தட்டிக் கும்பிட்டுவிட்டு வருவாள். இதற்கிடையில் எங்கள் லைனில் யாருக்கு விரலில் குத்தினாலும் அந்த அறைக்குப் போகவிட மாட்டாள். அவள் மேஜை டிராயரில் புது ஊசிகள் இருக்கும்; ஒன்றைக் கையில் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்கு அனுப்புவாள். மற்ற லைன் பெண்களும் விரலைப் பிடித்துக்கொண்டு அவளிடம்தான் ஓடிவந்தார்கள். இது மேனேஜருக்குத் தாங்கவில்லை. வேலையைவிட்டு அனுப்பிவிடுவேன் என்றே சொல்லிவிட்டார்.

அது சும்மா மிரட்டல் இல்லை. அவளுடைய மாத்திரைகள் தொழிலாளர் காப்பீட்டில்தான் வந்தன. வேலை போனால் மாத்திரை போகும். மாத்திரை போனால் உள்ளே தூங்கும் அந்தக் காவல்காரன் விழித்துக்கொள்வான். அப்புறம் அவளே இல்லை. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பையர் வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் தைக்கும் சட்டையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். கழிப்பறை கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, என்ன கேட்டாலும் 'நோ ப்ராப்ளம் மேடம்' என்று சொல்ல எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பிடும்போது அக்கா என்னிடம் நாளைக்கு நான் பேசப்போகிறேன் என்றாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"வேணாங்க்கா. உங்க மாத்திரை…"

"தெரியும்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. இல்லாம என்ன?" சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "பயந்துக்கிட்டே கேட்டா கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

மறுநாள் அந்த வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். குட்டை முடி, கையில் குறிப்புப் பலகை. மேனேஜர் கூடவே நடந்தார். எங்கள் லைனுக்கு வந்ததும் அக்காவின் முகமூடியைப் பார்த்து நின்று ஏதோ கேட்டாள். மேனேஜர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முகமூடியை அவிழ்த்துவிட்டாள். உருண்ட முகமும் மீசையுமாக நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மேடம், மை கிட்னி சேஞ்ச். மை மதர் கிவ். வேக்சின் நோ வொர்க் மை பாடி. திஸ் கேர்ள்ஸ், வேக்சின் வொர்க். பட் நோ வேக்சின். ஒன் நீடில், ஆல் கேர்ள்ஸ். கம், ஐ ஷோ."

அந்த அம்மாளின் கையைப் பிடித்தேவிட்டாள். அத்தனை மெஷினும் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முதலுதவி அறையின் சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. தட்டை மாற்ற யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆறிய தண்ணீரில் அதே கண்ணாடி சிரிஞ்ச், அதே ஊசி. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள், கம்பவுண்டரைப் பார்த்தாள், மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு அது புரியவில்லை. மேனேஜரின் கழுத்து சிவந்தது மட்டும் புரிந்தது.

பத்து நாளில் பெட்டி பெட்டியாகப் புது ஊசிகள் வந்தன; தடுப்பூசி முகாமுக்கும் நாள் குறித்தார்கள். அக்காவை அனுப்ப அவர்களால் முடியவில்லை. அடுத்த முறை பையர் வந்தால் முகமூடிக்காரி எங்கே என்று முதல் கேள்வியாகக் கேட்பாளே. அதனால் லைனைப் பிடுங்கிக்கொண்டு, தைத்து முடித்த சட்டைகளில் நூல் நறுக்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் செய்யும் வேலை. எங்கள் லைனுக்கு வேறு ஆள் வந்தார். அக்கா நறுக்குக் கத்திரியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். போகும்போது, "சம்பளம் குறைஞ்சாலும் மாத்திரை அதேதான்டி" என்று கண்ணடித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கட்டைவிரலில் கத்திரி பதித்த தடத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

தடுப்பூசி முகாம் வந்தபோது வேறொரு தொல்லை. கேன்டீனில் மேஜை போட்டு, நர்ஸ்கள் தயாராக உட்கார்ந்திருக்க, ஒருத்தியும் நகரவில்லை. இதைப் போட்டால் பிள்ளை தங்காது என்று எவளோ கிளப்பிவிட்டிருந்தாள். கம்பெனிக்காரன் சும்மா எதையாவது தருவானா என்றாள் இன்னொருத்தி. மேனேஜர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார், அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும்.

அக்கா நூல் மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். இன்னொரு சுற்று முயற்சி செய்து பார்க்கலாம் என்று டாக்டர் அந்த மாசம்தான் சொல்லியிருந்தார், எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கையில் இருந்தது. நர்ஸ் முன்னால் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். எத்தனையோ ஊசியைப் பார்த்த தோள் அது.

"எனக்கு இந்த ஊசி எவ்ளோ வாட்டி போட்டாச்சுன்னு இவளைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாள். "ஒரு வாட்டிகூட ஏறல. இந்த வாட்டியும் ஏறாது, எனக்குத் தெரியும். இருந்தும் கையைக் காட்டறேன். உங்களுக்கு ஏறப்போவுது, அதுக்கு என்னடி இவ்ளோ பயம்? பயமா இருந்தா பயந்துக்கிட்டே வாங்க."

ஊசி இறங்கும்போது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போனேன். எனக்குப் பின்னால் காலர் தைக்கிறவள் வந்தாள். அப்புறம் வரிசை கேன்டீனைத் தாண்டி மாடிப்படிவரை நின்றது. கம்பவுண்டரும் நின்றார்.

மாசங்கள் போய் எல்லா ஊசியும் முடிந்தன. ஒருநாள் அக்கா என்னைப் பிரேசர் டவுனுக்குக் கூட்டிப்போனாள், அம்மா வீட்டுக்கு என்று சொல்லி. வழியில் ஒரு சின்ன லேபில் நிறுத்தி, கையை நீட்டுடி என்றாள்.

"எதுக்குக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"என் ரிப்போர்ட்டப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. ஏறின ரத்தம் எப்படி இருக்கும்னு ஒரு வாட்டி பாக்கணும்."

அவர்கள் ரத்தத்தை எங்கோ அனுப்பி முடிவை வரவழைத்துக் கொடுத்தார்கள். அவளுடைய சொந்த முடிவும் அதே வாரம் ஆஸ்பத்திரியில் வரவிருந்தது. மறுபடியும் நான் கூடப் போனேன். அதே டாக்டர், அதே மெதுவான குரல். அவளுடைய காகிதத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வார்த்தை தேடுகிறவர் போல மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"ரத்தத்துல எதிர்ப்பு சக்தி பத்தைத் தாண்டினா பரவாயில்லன்னு சொல்லுவோம்மா. உங்களுக்கு… இந்த வாட்டியும் ஒண்ணும் இல்ல."

அக்கா தலையாட்டினாள். கைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, அவர் முன்னால் வைத்தாள்.

"இதப் பாருங்க டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். புருவம் உயர்ந்தது. "ஆயிரத்துக்கு மேல இருக்கே! அருமையா ஏறியிருக்கு." பிறகு மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். அவளுடைய பெயர் இல்லை. நிமிர்ந்து, "யாரும்மா இது?" என்று கேட்டார்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என் லைன், டாக்டர்."